கலங்கள் இரசாயனத்தைத் தேடிப் போகும் மாதிரி: திரையில் குவிவதையெல்லாம் நம்ப வேண்டாம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குக் கெல்லர்–சீகல் சமன்பாடுகளை (கலங்கள் பரவுவதையும் இரசாயனத்தை நோக்கி நகர்வதையும் சேர்த்து எழுதும் மாதிரியை) எடுக்கும் எங்கள் மலையகப் பிள்ளைகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். புரோகிராமை ஓட்டுகிறார்கள், கலங்கள் ஒரு புள்ளியில் குவிகின்றன, அடர்த்தி மளமளவென்று ஏறுகிறது. உடனே "கூட்டம் சேர்ந்துவிட்டது" என்று அறிக்கை தயார்!

1970இல் எவலின் கெல்லரும் லீ சீகலும் அந்தச் சமன்பாடுகளை எழுதியது, பட்டினியில் தாமே சுரக்கும் இரசாயனத்தை நோக்கி ஒன்றுகூடும் சளிப்பூஞ்சண அமீபாக்களுக்காக. ஆனால் இரு பரிமாணத்தில் மொத்தக் கலங்கள் ஒரு எல்லையைத் தாண்டினால், தீர்வில் அடர்த்தி முடிவுள்ள நேரத்துக்குள்ளேயே முடிவிலிக்குப் போகலாம். கணினியால் முடிவிலியைக் காட்ட முடியாது. அது இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறது; எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிட்டு ஏதோ ஓர் எண்ணைத் தரும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். உச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கானால், நீங்கள் அளந்தது கட்டத்தைத்தான், கலங்களை அல்ல. உண்மையான கலம் இடத்தை அடைக்கும். நெரிசலில் நகர்வு குறையும் என்ற உறுப்பைச் சேர்த்தால் குவியல் ஓர் உயரத்தில் நின்றுவிடும். பெயின்டரும் ஹிலனும் 2002இல் செய்தது இதைத்தான்.

"ஒரு பரிமாணத்தில் சரியாக ஓடியதே" என்பார்கள். ஓடும்தான். அங்கே இந்த வெடிப்பே வராது, அதனால் அந்தச் சோதனையை வைத்து இரு பரிமாணத்துக்கு உத்தரவாதம் தர முடியாது.

அடுத்தது, மறைப் பெறுமானம். இரசாயன நகர்வு உறுப்புக்கு மைய வித்தியாசம் (இரு பக்கத்துக் கட்டங்களையும் சமமாக எடுக்கும் முறை) போட்டால், செங்குத்தான இடங்களில் அடர்த்தி பூச்சியத்துக்குக் கீழே இறங்கலாம். அதைப் பூச்சியமாக வெட்டிவிடுவது எல்லோரும் செய்யும் குறுக்குவழி. அப்படி வெட்டும் ஒவ்வொரு முறையும் இல்லாத கலங்களைப் பிறப்பிக்கிறீர்கள். கலங்கள் வரும் திசையிலிருந்து வித்தியாசம் எடுங்கள். பிறப்பும் இறப்பும் இல்லாத மாதிரி என்றால், மொத்தக் கலங்களை ஒவ்வொரு படியிலும் அச்சிட்டுப் பாருங்கள். அந்த எண்ணிக்கை மாறினால் எல்லை நிபந்தனையையும் சந்தேகிக்கவேண்டும்: சுவரில் பூச்சியமாக வேண்டியது பரவலும் இரசாயன நகர்வும் சேர்ந்த மொத்தப் பாய்ச்சல்.

பற்றீரியாவுக்கு அமீபாவின் மாறிலிகளை அப்படியே தூக்கிப்போடாதீர்கள். ஈ.கோலையை இரசாயனம் இழுப்பதில்லை. அது செக்கனுக்கு 20 மைக்ரோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய ஒரு செக்கன் நேராக நீந்தி, புரண்டு, திசை மாறும். செறிவு கூடினால் புரள்வதைத் தள்ளிப்போடும். சமன்பாடு சொல்வது இதன் சராசரியைத்தான். ஆகவே ஒரு நேர் நீச்சலின் நீளத்தைவிடச் சிறிதாக, 5 மைக்ரோமீற்றர் அகலத்தில் அழகான கோலம் தெரிந்தால் படத்தில் போடவேண்டாம்.

அப்புறம் வெப்பநிலை. ஈ.கோலை பற்றிய பல அளவீடுகள் 30 பாகை செல்சியஸ் அளவில் எடுக்கப்பட்டவை. நுவரெலியாவில் 15 பாகையில் தட்டை வைத்தால் நீரின் பிசுக்குமை 0.80இலிருந்து 1.14 மில்லிபாஸ்கல் செக்கனாக ஏறும். சிறு மூலக்கூறின் பரவல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். நீந்தும் வேகமும் குறையும், ஆனால் அதே விகிதத்தில் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதை அந்த அறையிலேயே அளந்துதான் போடவேண்டும்.