மழை விட்ட பிறகு வரும் வெள்ளம்: கரையோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள், பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆற்றோரம் புதிதாகக் குடிவருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு.

மழை நின்றதும் வீடு திரும்புவது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மாறுவதில்லை. ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்துவிட்டுக் காலையில் வெயில் அடிக்கும். முகாமில் இருப்பவர்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உங்கள் தெருவில் பெய்த மழையா ஆற்றை நிரப்பியது? மேலே பெய்தது ஓடைகளில் இறங்கி, துணையாறுகளோடு சேர்ந்து உங்கள் ஊரை எட்ட நேரம் பிடிக்கும். மலையாறு என்றால் சில மணி நேரம், பெரிய ஆறு என்றால் நாள்கணக்கு. உச்ச வெள்ளம் சுள்ளென்ற வெயிலிலும் வரும்.

நடுவில் அணை இருந்தால் கணக்கு இன்னும் மாறும். இடம் இருக்கும்வரை தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். நிரம்பிவிட்டால் வருவதையெல்லாம் திறந்துவிடத்தான் வேண்டும். 'அணை நிரம்பும் தறுவாயில். நீர்வரத்து 40,000 கன அடி, வெளியேற்றம் 10,000 கன அடி' என்று செய்தி வந்தால், பத்தாயிரத்தைப் பார்த்து நிம்மதியாகிறவர்கள்தான் அதிகம். பார்க்க வேண்டியது நாற்பதாயிரத்தை. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். ஆக, வினாடிக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் உங்களை நோக்கி வரக் காத்திருக்கிறது.

எச்சரிக்கையை விலக்கிக்கொண்டதாக அறிவிப்பு வரும்வரை திரும்ப வேண்டாம். மாடியில் தங்க நேர்ந்தால், படிக்கட்டுச் சுவரில் தண்ணீர் தொடும் இடத்தில் கோடு போட்டு, பக்கத்தில் மணியைக் குறியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு கோடு இறங்கியதை வைத்து முடிவெடுக்காதீர்கள்; துணையாற்று வெள்ளம் வடிந்து, பெரிய ஆற்று வெள்ளம் வந்து சேர்வதற்கு இடையிலும் இப்படி இறங்கும்.

அபாய அளவை வீட்டு அளவாக நினைப்பது

ஆற்று நீர்மட்டம் இதைத் தாண்டினால் அபாயம் என்று செய்தியில் சொல்லும் எண், அளவீட்டு நிலையம் இருக்கும் இடத்துக்கானது. பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுவது. உங்கள் வாசலில் நிற்கும் ஆழம் அல்ல. போன வெள்ளத்தில் அங்கே எத்தனை மீட்டர் காட்டியபோது உங்கள் படியைத் தண்ணீர் தொட்டது என்று பழைய ஆட்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். உங்களுக்கான அபாய அளவு அதுதான்.

லாரி போன தரைப்பாலத்தில் காரை விடுவது

ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சின்ன கார் மிதந்துவிடும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். லாரி போனபோது இருந்த ரோடு அடியில் அரித்துப் போயிருந்தாலும் கலங்கல் தண்ணீரில் தெரியாது.

மெயின் சுவிட்ச்

தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே அணையுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு தொடவே கூடாது.

ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைப்பது

அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

தரைக்கு அடியிலுள்ள அறையில் (பேஸ்மென்ட்) தேங்கிய தண்ணீரை ஒரே மூச்சில் இறைப்பது

வெளியே ஊறிக் கிடக்கும் மண், சுவரை உள்ளே தள்ளும். அதை எதிர்த்துத் தாங்குவதே உள்ளே நிற்கும் தண்ணீர்தான். முழுவதையும் பம்ப் போட்டு எடுத்தால் சுவர் சரியலாம், தரை வெடிக்கலாம். வெளியே வெள்ளம் வடிந்தபின் 2 அல்லது 3 அடி இறைத்து, கோடு போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். கோட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இன்னும் நேரம் வரவில்லை, பம்பை நிறுத்துங்கள். ஏறவில்லை என்றால் அடுத்த 2 அடி.