சிபாப் மாஸ்க் உறுத்துகிறதா? முதலில் ஸ்ட்ராப்பிலிருந்து கையை எடுங்கள்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகும் ஸ்லீப் ஆப்னியாவுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின்தான் சிபாப். அந்த மாஸ்க்கில் காற்று கசிந்தால் கை தானாக ஸ்ட்ராப்புக்குத்தான் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு, அரைத் தூக்கத்தில், கண்ணுக்குள் காற்று அடிக்கும்போது வேறு என்ன தோன்றும்? ஒரு இழு இழுத்து இறுக்கிவிட்டுப் படுத்துவிடுவோம். கொஞ்ச நேரம் கசிவு நிற்கும். புரண்டு படுத்ததும் மறுபடி ஆரம்பிக்கும். மறுபடி இழுப்போம். விடிந்து பார்த்தால் மூக்குத்தண்டு சிவந்திருக்கும், கன்னத்தில் பட்டைபட்டையாக வரி விழுந்திருக்கும். இப்படியே நாலு நாள் போனால் சிவந்த இடம் புண்ணாகும். புண் மேல் மாஸ்க் வைக்க முடியாது. "ஆறட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று ஓரம் கட்டிய மெஷின் பல வீடுகளில் பீரோ மேல்தான் இருக்கிறது.

ஸ்லீப் ஆப்னியாவுக்கு சிபாப் எழுதிக் கொடுக்கிற டாக்டர் பிரஷர் எவ்வளவு என்று கணக்காகச் சொல்லிவிடுவார். மாஸ்க் விஷயம் பெரும்பாலும் மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் ஆளின் கையில் விடப்படுகிறது. சிகிச்சை நிலைப்பதும் கவிழ்வதும் அந்த மாஸ்க்கில்தான் என்பது என் கட்சி. மாஸ்க்கில் வருகிற தொல்லைகளில் பாதிக்கு மேல், இறுக்கக் கூடாத நேரத்தில் இறுக்குவதால் வருபவை.

இறுக்கினால் ஏன் கசிகிறது

இந்தச் சிகிச்சையை ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் முதன்முதலில் செய்து பார்த்தபோது, மாஸ்க் ராத்திரிக்கு ராத்திரி மூக்கில் சிலிகான் பசை போட்டு ஒட்டப்பட்டது. ஐந்து நோயாளிகளை வைத்து அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை 1981இல் லான்செட் இதழில் வந்தது. இன்றைய மாஸ்க்குக்குப் பசை வேண்டாம். காற்றே அடைத்துக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.

மாஸ்க்கில் முகத்தைத் தொடும் மெத்தென்ற பகுதிதான் குஷன். அதைக் கையில் எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான சிலிகான் குஷன்களில் இரண்டு சுவர் இருக்கும். உள்ளே கொஞ்சம் கெட்டியாக ஒன்று, அதன்மேல் மடிந்து நிற்கும் மெல்லிய தோல் போல இன்னொன்று. மெஷின் ஓடும்போது அந்த மெல்லிய தோலுக்குள் காற்று நுழைந்து உப்பி, முகத்தின் மேடுபள்ளத்தில் தானே போய்ப் படிகிறது. ஸ்ட்ராப்பின் வேலை மாஸ்க்கை இடம் நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். அதை வலித்து இழுத்தால் உப்பிய தோல் நசுங்கி மடிப்பு விழும். உப்பின பூரியைக் கரண்டியால் அழுத்தினால் ஒரு பக்கம் ஆவி பீச்சுவதுபோல, அந்த மடிப்பு வழியாகக் காற்று பீறிடும். கசிகிறதே என்று இன்னும் இழுத்தால் மடிப்பு இன்னும் ஆழமாகும்.

ஆகவே கசிந்தால் செய்ய வேண்டியது தலைகீழ் வேலை. மெஷின் ஓடட்டும். மாஸ்க்கைக் கையால் பிடித்து முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுங்கள். குஷன் முழுதாக உப்பும். அப்படியே மெதுவாகத் திரும்ப முகத்தில் வையுங்கள். பாதி நேரம் இதிலேயே கசிவு நின்றுவிடும். நிற்காவிட்டால் நாலு ஸ்ட்ராப்பையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். வலது இடது இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, ஒரே அளவு, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். கசிவு நின்ற இடத்தில் நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்ட்ராப்புக்கு அடியில் விரல் நுழைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுப்பது பெரிய தப்பு. மாஸ்க் கோணலாகி, எதிர்ப்பக்கம் கசிய ஆரம்பிக்கும். வீட்டில் வேறு யாராவது பின்னாலிருந்து மாட்டிவிடும்போது இது அடிக்கடி நடக்கிறது.

உட்கார்ந்து அளவு பார்ப்பது

கடையிலோ வீட்டு ஹாலிலோ நாற்காலியில் உட்காரவைத்து, மெஷினை ஓடவிடாமலே மாஸ்க்கை மாட்டிவிட்டு, "சார், கரெக்டா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்கள் உட்கார்ந்தா தூங்கப் போகிறீர்கள்? மல்லாந்து படுத்தால் கன்னத்துச் சதை காதுப் பக்கமாகச் சரியும், தாடை தளர்ந்து இறங்கும். ஒருக்களித்தால் தலையணை ஒரு ஓரத்தைத் தள்ளும். உட்கார்ந்து பார்த்த அளவு இதில் எதற்குமே பொருந்தாது.

பிரஷர் இன்னொரு விஷயம். பல மெஷின்கள் தூக்கம் பிடிக்கும்வரை 4இல் (சென்டிமீட்டர் தண்ணீர் என்பது இதன் அலகு) மெதுவாக ஆரம்பித்துப் பிறகு ஏறும். உங்களுக்கு எழுதிய அளவு 11 என்றால், 4இல் கச்சிதமாக இருந்த மாஸ்க் 11இல் எப்படி இருக்கிறது என்பதை முழித்திருக்கும்போதே பார்த்தாக வேண்டும். சில மெஷின்களில் இதற்கென்றே 'மாஸ்க் ஃபிட்' என்று ஒரு வசதி உண்டு. இல்லாவிட்டால், மெதுவாக ஏறும் அந்த வசதியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் படுத்தபடியே மாட்டிப் பாருங்கள். தானாக பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷின் என்றால், கொண்டுவந்து தந்தவரிடம் கேட்டு, ராத்திரியில் உங்களுக்கு எவ்வளவு வரை ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பல்செட் வைத்திருப்பவர்கள் பகலில் பல்லோடு அளவு கொடுத்துவிட்டு, ராத்திரி கழற்றி வைத்துவிட்டுப் படுப்பார்கள். கன்னம் ஒட்டிப்போய் மாஸ்க்கின் கீழ்ப்பக்கம் அந்தரத்தில் நிற்கும். எப்படித் தூங்குவீர்களோ அப்படியே அளவு கொடுங்கள்.

சைஸ்

பெரிய சைஸ் வாங்கினால் காற்றோட்டமாக, உறுத்தாமல் இருக்கும் என்று ஒரு நினைப்பு. பெரிய மாஸ்க்கை நிறுத்திவைக்க அதிகமாக இறுக்க வேண்டிவரும், அவ்வளவுதான் நடக்கும். மூக்கு மாஸ்க் மூக்கை நெருக்காமல், அதன் ஓரத்தை ஒட்டி உட்கார வேண்டும். மேல்பக்கம் கண்ணோரம்வரை ஏறினால் பெரிது. வாயையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க் என்றால் வாயை லேசாகத் திறந்து வைத்து அளவெடுக்க வேண்டும். கீழ் விளிம்பு உதட்டின் மேல் ஏறாமல், கீழுதட்டுக்கும் தாடைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். கம்பெனிகள் தரும் அளவு அட்டை ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியில் ஸ்மால் ஆகலாம். வாங்கும்போதே "சைஸ் சரியில்லைன்னா குஷனை மட்டும் மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

வாய் திறந்துகொள்கிறது என்று உடனே முழு மாஸ்க்குக்குத் தாவுவது

காலையில் வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் வாய்வழியே காற்று போகிறது என்று அர்த்தம். அது சரி. ஆனால் வாய் ஏன் திறக்கிறது? பலருக்கு மூக்கடைப்புதான் காரணம். சளி, அலர்ஜி, வளைந்த மூக்கு நடுச்சுவர், ஏசி அறையின் வறண்ட காற்று. காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரில் தண்ணீர் ஊற்றாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. வறண்ட காற்று மூக்குக்குள் வீக்கத்தை உண்டாக்கி அடைக்கிறது, அதனால் வாய் திறக்கிறது. ஹியூமிடிஃபையரைக் கூட்டுவது, படுக்குமுன் சலைன் (உப்புநீர்) போட்டு மூக்கைச் சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுவது, இதையெல்லாம் செய்து பார்த்த பிறகுதான் மாஸ்க்கை மாற்றும் பேச்சே. முழு மாஸ்க் முகத்தில் அதிக இடத்தைப் பிடிக்கும். கசிய வாய்ப்புள்ள ஓரமும் அதிகம். அதன் இழுப்பில் தாடை பின்னால் தள்ளப்பட்டு, சிலருக்கு பிரஷரையே கூட்ட வேண்டிவரும். மூக்கால் மூச்சு விடவே முடியாதவர்களுக்கு அது தேவைதான். மற்றவர்களுக்கு மூக்கு மாஸ்க்கே முதல் தேர்வு.

வீடியோ பார்த்துவிட்டு வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது சமீபத்திய பழக்கம். மூக்கு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

எண்ணெய்

நம் வீடுகளுக்கே உரிய எதிரி இது. தலைக்குத் தேங்காய் எண்ணெய், முகத்துக்கு கிரீம், சிலருக்கு மஞ்சள். இவற்றோடு படுத்தால் குஷன் வழுக்கும். வழுக்கினால் கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் ஊறி ஊறி சிலிகானும் மங்கி, பிசுபிசுத்து, சீக்கிரம் பிடிப்பை இழக்கும். படுக்குமுன் முகத்தை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். கிரீம் அவசியம் என்றால் சாயங்காலமே போட்டுக்கொள்ளுங்கள். புண்ணான இடத்தில் வாஸ்லின் தடவி அதன்மேல் மாஸ்க் போடுகிறார்கள். மாஸ்க் வழுக்கும், குஷனும் கெடும்.

குஷனைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில், மிதமான சோப்பால் கழுவி நிழலில் காயவையுங்கள். டெட்டால், ஸ்பிரிட், கொதிக்கும் தண்ணீர், மொட்டைமாடி வெயில் நான்கும் வேண்டாம். ஸ்ட்ராப்புகளை வாரம் ஒருமுறை அலசினால் போதும். ஓசோன் வாயுவை வைத்துச் சுத்தம் செய்யும் பெட்டிகள் விற்கிறார்கள். அவற்றைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இலேயே எச்சரித்திருக்கிறது. சோப்பு போதும்போது எதற்கு அந்தச் செலவு?

தாடியும் மூக்குத்தியும் இதோடு சேர்த்தி. அடர்ந்த மீசை தாடியில் மூக்கு, வாய் மாஸ்க் சரியாகப் படியாது. மூக்குத் துவாரத்தில் மட்டும் வைக்கும் நேசல் பில்லோ வகை அவர்களுக்கு ஒத்துவரலாம். மூக்குத்தி போட்டவர்களுக்கோ அந்த வகைதான் முதலில் குத்தும். கொண்டையோடு படுத்தால் பின் ஸ்ட்ராப் மேலேறும். பின்னலைத் தளர்த்தி ஒரு பக்கமாகப் போட்டுக்கொள்ளலாம்.

துளையை அடைப்பது

"ஏங்க, அந்தக் காத்து நேரா என் மூஞ்சியில அடிக்குது." பக்கத்தில் படுப்பவரின் நியாயமான புகார். அதற்காக மாஸ்க்கின் முன்பக்கத்துச் சிறு துளைகளில் டேப் ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. இங்கே நான் சொல்லும் தவறுகளில் உண்மையிலேயே ஆபத்தானது இதுதான். நீங்கள் வெளிவிடும் கரியமில வாயு வெளியேற வேறு வழி கிடையாது. அந்தத் துளைகள் வழியே காற்று எப்போதும் போய்க்கொண்டுதான் இருக்க வேண்டும். தொந்தரவாக இருந்தால் படுக்கும் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது நடுவில் ஒரு தலையணை.

அந்தக் காற்று கசிவு அல்ல. குஷன் ஓரத்தில் போவதுதான் கசிவு. ரெஸ்மெட் கம்பெனியின் மெஷின்கள் காலையில் காட்டும் கசிவுக் கணக்கில் துளைக் காற்று சேராது. நிமிஷத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால்தான் அவை அதிகம் என்று காட்டும். அதாவது கொஞ்சம் கசிந்தால் குடி முழுகிவிடாது. கண்ணில் அடிக்காமல், தூக்கத்தைக் கெடுக்காமல், எண் எல்லைக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். கசிவே இல்லாமல் செய்தே தீருவேன் என்று ராத்திரி முழுக்கப் போராடுகிறவர்கள்தான் புண்ணோடு எழுகிறார்கள்.

கரண்ட் போனால் மூச்சு முட்டுமா என்ற பயம் நம் ஊரில் நியாயமானது. முழு மாஸ்க்கில் காற்று நின்றதும் தானே திறந்துகொள்ளும் ஒரு வால்வு இருக்கிறது. மூக்கு மாஸ்க் என்றால் வாயால் மூச்சு விட்டுக்கொள்ளலாம். முழு மாஸ்க்கின் அந்த வால்வில் அழுக்குச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

"போகப் போகப் பழகிடும்"

இப்படிச் சொல்லிவிட்டு முதல் ராத்திரியே எட்டு மணி நேரம் போட்டுப் படுப்பதும், மூச்சடைப்பதுபோல் பயந்து பிடுங்கி எறிவதும் வழக்கமாக நடக்கிறது. மாஸ்க்கைப் பகலில் பழக்குங்கள். டிவி பார்க்கும்போது மெஷினை ஓடவிட்டு, ஸ்ட்ராப் போடாமல், கையால் மூக்கருகே பிடித்துக்கொண்டு மூச்சு விடுங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பதால் பயம் குறையும். பிறகு ஸ்ட்ராப், பிறகு படுக்கை. தூக்கத்தில் தெரியாமல் கழற்றிவிடுகிறவர்கள், முழிப்பு வந்ததும் திரும்பப் போட்டுக்கொண்டால் சரி. அதற்காகச் சொந்தமாகத் தூக்க மாத்திரை போடுவது, இரண்டு பெக் ஊற்றிக்கொள்வது எல்லாம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். பிரஷரை நீங்களே குறைத்துக்கொள்வதும் வேண்டாம்.

பழகக் கூடாதது ஒன்று உண்டு. மாஸ்க்கைக் கழற்றி அரைமணி நேரம் ஆன பிறகும் சிவப்பு மறையவில்லை, தொட்டால் வலிக்கிறது, தோல் உரிகிறது என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடமோ மாஸ்க் தந்தவரிடமோ பேசி, மூக்குத்தண்டில் படாத வேறு வகையை அது ஆறும்வரையாவது போடுங்கள். கண் சிவந்து எரிந்தாலும் அப்படித்தான். இறுக்கியும் தளர்த்தியும் ஒன்றும் நடக்காத பழைய மாஸ்க் என்றால் குஷன் தேய்ந்திருக்கும். மாஸ்க்கையே புதிதாக வாங்க வேண்டியதில்லை, குஷன் தனியாகக் கிடைக்கிறது. ட்யூபின் கனமே மாஸ்க்கைக் கோணலாக்கவும் கூடும். கட்டிலின் தலைமாட்டில் ஒரு கொக்கி போட்டு அதன்மேல் விடுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மாஸ்க் வாங்கும்போதே ஒன்றைக் கேட்க வேண்டும். சுலபமாக மாட்டுவதற்காகச் சில மாடல்களின் ஸ்ட்ராப் க்ளிப்பில் காந்தம் வைத்திருக்கிறார்கள். பேஸ்மேக்கர், இதயத் துடிப்பு தவறினால் சீராக்க நெஞ்சில் பதித்த டிஃபிப்ரிலேட்டர், மூளையில் போட்ட உலோக க்ளிப் போன்றவற்றை அது பாதிக்கலாம் என்று பிலிப்ஸ் 2022இலும் ரெஸ்மெட் 2023இலும் எச்சரிக்கை விட்டன. குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மாஸ்க் போடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் படுப்பவருக்கும் இது பொருந்தும். மாஸ்க் அப்பாவுக்கு, பேஸ்மேக்கர் அம்மாவுக்கு என்றாலும் காந்தம் இல்லாத க்ளிப்தான் வேண்டும் என்று கடையில் சொல்லிவிடுங்கள்.