வியூக வகுப்பாளர்கள் மோதும் மேடை: கேட்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கட்சித் தலைவர் மேடை ஏறினால் என்ன சொல்வார் என்று நமக்கு முன்பே தெரியும். அவருக்குப் பின்னால் இருந்து கணக்குப் போடுகிற வியூக வகுப்பாளர்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் கதையே வேறு. மொரீசியஸில் இப்படி ஒரு விவாதத்துக்கு முதன்முதலாகப் போனபோது இரண்டு மணி நேரம் கைதட்டிவிட்டு வந்தேன். “என்ன பேசினார்கள்?” என்று அக்கா கேட்டார். ஒரு நல்ல கிண்டலைத் தவிர எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் தவறு வாசலிலேயே நடந்துவிடும். இங்கே ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறம் உண்டு. சிவப்பு என்றால் லேபர், ஆரஞ்சு எம்.எஸ்.எம்., ஊதா எம்.எம்.எம்., நீலம் பி.எம்.எஸ்.டி. கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு போனால், பக்கத்து நாற்காலிக்காரர் உங்களை ஒரு கட்சியில் சேர்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். காவடிக்கு எடுத்த ரோஜா நிறச் சேலைகூட மங்கலான வெளிச்சத்தில் ஊதாவாகத் தெரியும். வெள்ளை உடுத்திப் போவது உத்தமம்.

அதைவிடப் பெரிய தவறு, சதவீதத்தைக் கேட்டதும் தலையாட்டுவது. எதில் சதவீதம் என்று கேட்க வேண்டும். தீவின் 20 தொகுதிகளிலும் ஒவ்வொரு வாக்காளரும் மூன்று பேருக்கு ஓட்டுப் போட்டாக வேண்டும். மூன்றையும் ஒரே அணிக்குப் போடுகிறவர் உண்டு. இரண்டை இங்கே, ஒன்றை அங்கே போடுகிறவரும் உண்டு. ஆகவே “எங்களுக்கு 40 சதவீதம்” என்றால், நூற்றுக்கு நாற்பது பேர் அவர்கள் பக்கம் என்று அர்த்தமில்லை. விழுந்த ஓட்டுகளில் நாற்பது, அவ்வளவுதான். அப்புறம், ஓட்டுக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் எம்.எஸ்.எம். தலைமையிலான அணி ஏறக்குறைய 38 சதவீத ஓட்டு வாங்கி, நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 62 இடங்களில் (தீவில் 60, ரோட்ரிக்ஸ் தீவில் 2) 38-ஐப் பிடித்தது. 2024-இல் அதே கட்சியின் அணி 27 சதவீதத்துக்கும் சற்று மேல் வாங்கியும் நேரடியாக ஓர் இடம்கூட வரவில்லை, எதிரணிக்கு 60. ஓட்டுக் கணக்கு தனக்குச் சாதகம் என்றால் ஓட்டைச் சொல்வார்கள், இடக்கணக்கு சாதகம் என்றால் இடத்தைச் சொல்வார்கள். எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பாருங்கள், மனிதர் எங்கே இடறுகிறார் என்பது அங்கேதான் தெரியும்.

கூட்டல் கணக்கும் இப்படித்தான். “இவர்கள் ஓட்டு இவ்வளவு, அவர்கள் ஓட்டு இவ்வளவு, சேர்ந்தால் ஜெயம்” என்று ஒருவர் பலகையில் எழுதினால் 2014-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். லேபரும் எம்.எம்.எம்.-மும் கைகோத்தன. இரண்டு பெரிய கட்சிகள் சேர்ந்த பிறகு தேர்தல் எதற்கு என்றுகூடப் பலர் நினைத்தார்கள். முடிவு, எதிரணிக்கு 47, இவர்களுக்கு 13. தலைவர்கள் சேர்ந்தால் தொண்டனின் ஓட்டும் தானாகச் சேர்ந்துவிடும் என்பது காகிதத்தில் மட்டும் உண்மை.

நம்மவர்கள் விழும் பள்ளம் இன்னொன்று. “தமிழ் ஓட்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது” என்று மேடையில் யாராவது சொன்னால் நமக்கு மார்பு நிமிர்ந்துவிடும். ஓட்டுச் சீட்டில் யாருடைய சமூகமும் எழுதப்படுவதில்லை. பிறகு அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? தோற்றவர்களில் சிலருக்குச் சமூகக் கணக்குப் பார்த்துக் கூடுதல் இடம் தரும் பெஸ்ட் லூசர் முறையில்கூடத் தமிழர் தனிப் பிரிவு இல்லை, இந்துப் பிரிவுக்குள்தான் வருகிறோம். அதற்கு ஆதாரமாக எடுப்பதும் 1972 மக்கள்தொகைக் கணக்கு. அதற்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் சமூகம் என்ன என்று கேட்பதே இல்லை. சரி, கருத்துக்கணிப்பு என்று பதில் வந்தால் எத்தனை பேரிடம், எந்தத் தொகுதிகளில், எந்த மாதத்தில் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

கேள்வி கேட்க மைக் கிடைத்ததும் தன் அரசியல் வரலாற்றைச் சொல்ல ஆரம்பிப்பவர்கள் எல்லா அரங்கிலும் உண்டு. ஒரே வாக்கியம், கடைசியில் கேள்விக்குறி, போதும். எல்லோரும் பேசும் கிரியோலில் கேளுங்கள். பிரெஞ்சில் கேட்டால் பதிலும் அலங்காரமாக வரும், அதில் ஒளிந்துகொள்வது சுலபம்.

மேடைச் சண்டையை வீட்டுக்கு எடுத்துவந்து பக்கத்து வீட்டுக்காரரோடு முகம் திருப்புவதும் வேண்டாத வேலை. 1982-இல் எம்.எம்.எம். கூட்டணி அனிருத் ஜக்நாத்தைப் பிரதமராக முன்னிறுத்தி தீவின் எல்லாத் தொகுதிகளையும் அள்ளியது, மறுவருடமே அவர் பிரிந்துபோய் எம்.எஸ்.எம்.-ஐத் தொடங்கினார். பிறகு எம்.எம்.எம். 1995-இல் லேபரோடு, 2000-இல் மறுபடி ஜக்நாத்தோடு, 2014-இலும் 2024-இலும் மறுபடி லேபரோடு. இன்று எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவர் நாளை ஒரே அலுவலகத்தில் ஒரே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பஸ்ஸில் வந்தவர்கள் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலைக்குப் பிறகு கிராமப் பக்கம் போகும் பஸ் சீக்கிரமே நின்றுவிடும்.

ஆனால் நேரம் இருந்தால், விவாதம் முடிந்தவுடன் கிளம்பாதீர்கள். தேநீர் மேசையில் கத்தோ பிமா இருக்கும், நம் பருப்பு வடையின் தம்பி. ஒருமுறை இரண்டு வியூக வகுப்பாளர்களும் ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மேடையில் வந்த ஒரு சதவீதத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். “அதுவா? அது பழைய கணக்கு” என்றார் ஒருவர். எதிராளி சிரித்துக்கொண்டே இன்னொரு வடையை எடுத்தார்.