இதற்கு வவுச்சர் எங்கே? ஜூரியாக அமரப்போகிறவர்களுக்கு

முதல் நாள் மதிய இடைவேளைக்குள்ளாகவே அந்த இளைஞர் குற்றவாளி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதுவரை ஒரே ஒரு சாட்சிதான் பேசியிருந்தார். அலுவலகம் ஒன்றிலிருந்து மடிக்கணினி திருடுபோன வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் நீதிபதியையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை, மேசையையே வெறித்துக்கொண்டிருந்தார். மடியில் கனம் இருப்பதால்தானே இந்தப் பயம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

முப்பத்தோரு ஆண்டுகள் கணக்குத் தணிக்கை செய்தவள் நான். வவுச்சர் இல்லாத செலவை யார் வந்து சொன்னாலும் ஏற்றதில்லை. அப்படிப்பட்டவள், ஒரு மனிதர் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை மட்டும் வைத்து அவர் பெயரில் குற்றத்தைப் பற்று எழுதிவிட்டேன். சாட்சியங்களைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி; அதில் இரண்டு முறை அமர்ந்துவிட்டேன். அடுத்து அமரப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜூரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் "உங்களால் நடுநிலையாக இருக்க முடியுமா?" என்று கேட்பார்கள். எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வோம். கேள்வியை உங்களுக்குள் வேறு விதமாகக் கேட்டுப்பாருங்கள். என் வீட்டில் எப்போதாவது திருடு போயிருக்கிறதா? போலீஸ்காரர் சாட்சி சொன்னால் மற்றவர் சொல்வதைவிட அதை எளிதில் நம்புவேனா? இந்த இனத்தவரைப் பற்றி, இந்தப் பகுதி ஆட்களைப் பற்றி என் வீட்டில் என்ன பேசிக்கொள்வோம்? மனத்தில் தட்டுப்படுவதை நீதிமன்றத்தில் சொல்லிவிடுங்கள். அதனால் உங்களை விலக்கினால் அதில் அவமானம் எதுவும் இல்லை.

விசாரணை தொடங்கியதும் நம் மனம் செய்யும் முதல் வேலை கதை கட்டுவது. சாட்சியங்கள் துண்டு துண்டாக, காலவரிசை மாறித்தான் வரும். அவற்றைக் கோத்து ஒரு கதையாக்காமல் மனத்தால் இருக்க முடியாது. நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980-களில் இதைச் சோதித்தார்கள். ஒரே கொலை வழக்கின் ஒரே சாட்சியங்களை இரண்டு விதமாக அடுக்கினார்கள். அரசுத் தரப்பின் சான்றுகள் கதை போல வரிசையாகவும் எதிர்த்தரப்பின் சான்றுகள் கலைந்தும் வந்தபோது 78 சதவீதம் பேர் குற்றவாளி என்றார்கள். அடுக்கை மாற்றிப் போட்டபோது அது 31 சதவீதமாக இறங்கியது. சான்றில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

கதையில் ஓட்டை விழும் இடங்களை எதைக் கொண்டு அடைக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். நாம் வளர்ந்த விதம், கேட்ட பேச்சு, யார்மேலோ உள்ள பழைய கோபம் என்று கைக்கு எட்டியதை எல்லாம் வைத்து அடைக்கிறோம். அடைத்த இடம் பிறகு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதனால் நீதிபதி குறிப்பெடுக்க அனுமதித்தால் நோட்டின் இரண்டு பக்கங்களையும் பயன்படுத்துங்கள். சாட்சி சொன்னதும் திரையில் கண்டதும் இடப்பக்கத்துக்கு; உங்களுக்குத் தோன்றியது வலப்பக்கத்துக்கு. வலப்பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஆதாரத்தைக் குறியுங்கள்: எந்தச் சாட்சி, எந்தச் சான்றுப்பொருள் எண். இரண்டாம் நாள் மாலை நான் அப்படிச் செய்தேன். இடப்பக்கத்தில் "கேமரா, 11.42, பின்வாசல், கறுப்புப் பை" என்று இருந்தது. வலப்பக்கத்தில் "மேசையிலிருந்து எடுத்துப் பையில் வைத்தார்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அதை யார் சொன்னார்? யாரும் சொல்லவில்லை. அந்தக் கேமராவில் பின்வாசல் மட்டும்தான் தெரியும், மேசை தெரியாது. ஆனால் அவர் கை மடிக்கணினியை எடுப்பது என் கண்ணுக்குள் படம் போல ஓடியிருந்தது, சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்லியிருப்பேன். அதற்குக் கீழே "தலை குனிந்தார், குற்ற உணர்ச்சி" என்ற வரி. அதற்கும் ஆதாரம் இல்லை. இரண்டையும் அடித்தேன்.

இன்னொரு சோதனை, ஆளை மாற்றிப் பார்ப்பது. அந்த நாற்காலியில் என் அக்கா மகன் உட்கார்ந்திருந்தால் அவன் தலை குனிந்ததற்கு என்ன பொருள் சொல்லியிருப்பேன்? பிள்ளை பயந்து போயிருக்கிறான் என்றிருப்பேன். ஆள் மாறியதும் பொருள் மாறினால், அந்தப் பொருள் சாட்சியத்திலிருந்து வந்ததில்லை.

இது எதிர்த் திசையிலும் நடக்கும் என்பதை மறக்க வேண்டாம். 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு உறவு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். வழக்கு நடந்த நாள்களில் பத்திரிகைகள் அவரை மானம் காத்த கணவராகக் கொண்டாடின. செஷன்ஸ் நீதிபதி அந்த முடிவை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, 1961-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழக்கைப் பற்றிச் செய்தி படிக்காதீர்கள், கைபேசியில் தேடாதீர்கள் என்று நீதிபதி சொல்வது வெறும் சடங்கில்லை.

நேரில் பார்த்த சாட்சி அடித்துச் சொன்னால், அவர் எவ்வளவு வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை நொடி பார்த்தார் என்று மட்டும் குறியுங்கள். அமெரிக்காவில் டிஎன்ஏ பரிசோதனையால் பின்னாளில் விடுவிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் வழக்குகளில், நேரில் கண்ட சாட்சி தவறாக அடையாளம் காட்டியிருந்தார்.

எண்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். எண்ணைக் கண்டால் தலைவணங்குவது எங்கள் தொழிலின் நோய், அனுபவத்தில் சொல்கிறேன். 1999-இல் இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளை இழந்த ஒரு தாயை ஜூரி கொலைகாரி என்றது. அப்படிப்பட்ட குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறக்கும் வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்று நிபுணர் ஒருவர் சொல்லியிருந்தார். ஒரு குழந்தை அப்படி இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்று வைத்து, அந்த 8,543-ஐ அதே எண்ணால் பெருக்கிக் கிடைத்த தொகை அது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த குழந்தைகளின் மரணங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால்தான் அப்படிப் பெருக்கலாம். பெருக்கல் சரியாகவே இருந்தாலும், அந்தத் தாய் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு அதுதான் என்று ஆகிவிடாது. ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிதானதுதானே? 2003-இல் அந்தத் தண்டனை ரத்தானது. அதற்குள் ஆண்டுகள் போய்விட்டன.

ஜூரி அறைக்குள் போனதும் கை தூக்க வைக்காதீர்கள். என் இரண்டாவது வழக்கில் கதவைச் சாத்திய ஐந்தாவது நிமிடத்தில் குழுத் தலைவர் வாக்கெடுத்தார். ஒன்பதுக்கு மூன்று. அதன்பின் அன்று முழுவதும் நடந்தது அவரவர் தூக்கிய கையைக் காப்பாற்றும் வேலைதான். முதல் வழக்கில் எங்களோடு இருந்த வயதான அம்மா ஒருவர், "குற்றச்சாட்டை முதலில் வாய்விட்டுப் படியுங்கள், ஒவ்வொரு பகுதியாக" என்றார். பொருள் மற்றவருடையதா, அனுமதியின்றி எடுத்தாரா, திருப்பித் தராத எண்ணத்தோடு எடுத்தாரா. ஒவ்வொன்றின் கீழும் எந்தச் சாட்சியம் வருகிறது என்று பலகையில் எழுதினோம். இரண்டாவது பகுதியின் கீழே எழுத எங்களிடம் அந்தப் பின்வாசல் காட்சி மட்டுமே இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் பலர் பேச்சைத் தணித்தார்கள்.

சந்தேகம் என்று ஒருவர் சொன்னால், அது எந்தச் சாட்சியத்தின்மேல் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. தனித்து நிற்பவரைச் சோர்வடையச் செய்து இணங்க வைப்பது தவறு. அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1898-இல் எல்லோரும் ஒருமித்தால்தான் தண்டனை என்ற விதியைத் தளர்த்தியது, ஜூரியில் ஓரிரு கறுப்பினத்தவர் இருந்தாலும் அவர்கள் குரல் எடுபடாமல் போக வேண்டும் என்பதற்காகவே. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020-இல்தான் அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

யாராவது இனத்தையோ பிறப்பையோ காரணம் காட்டிப் பேசினால், தீர்ப்பு சொல்லும் முன்பே நீதிபதிக்குச் சீட்டு எழுதி அனுப்புங்கள். கொலராடோ மாநிலத்தில் ஒரு ஜூரர், குற்றம் சாட்டப்பட்டவர் மெக்சிகோக்காரர் என்பதாலேயே அவர் அதைச் செய்திருப்பார் என்றார். அவருக்காகச் சாட்சி சொன்னவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று ஒதுக்கினார். அந்தச் சாட்சியோ தான் சட்டப்படி வசிப்பவர் என்று கூண்டிலேயே சொல்லியிருந்தார்! மற்ற இருவர் இதை வெளியே சொன்னது தீர்ப்புக்குப் பிறகு. ஜூரி அறைக்குள் பேசியதைக் காட்டித் தீர்ப்பை எதிர்க்க முடியாது என்ற விதிக்கு இப்படிப்பட்ட இன வெறுப்பு ஒரு விலக்கு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 2017 வரை ஆனது.

எங்கள் வழக்கில் நான்காம் நாள், குற்றவாளி இல்லை என்று ஒருமித்துச் சொன்னோம். படிவத்தில் குழுத் தலைவர் கையெழுத்திடும் முன், எந்தக் குற்றச்சாட்டு எண்ணுக்கு எதிரே எழுதுகிறார் என்று அந்த அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னார்; நீங்களும் படிக்கச் சொல்லுங்கள். தீர்ப்பை வாசித்தபோதும் அந்த இளைஞர் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது நீதிமன்ற ஊழியர் எங்கள் நோட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டார்.