மனைவியின் பெயர் மாற்றம்: பாஸ்போர்ட் முதலில், ஆதார் கடைசியில்

என் மனைவிக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். நாங்கள் இருப்பது கும்பகோணம். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயருக்குப் பதில் என் பெயரைச் சேர்க்க விரும்பினார். ஆதாரில் தொடங்கலாம் என்றார்கள் தெரிந்தவர்கள். மையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது நியாயம்தான், வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் ஆதாரம்.

சரி என்று திருமணச் சான்றிதழோடு உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். சான்றிதழில் அவர் பெயர் பழைய பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அச்சடிக்கும் முன்பே ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்துப் பாருங்கள். மற்ற எல்லாம் இதை நம்பித்தான்.

அப்புறம் இந்தியாவில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் பதிவுக்கான இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் புதிய பாஸ்போர்ட் விவரத்தை ஏற்றினோம். கடைசியில்தான் ஆதார். அதில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்கள், விசா அதில்தான் ஒட்டியிருக்கும்.