‘லெ சமுராய்’ படத்தை முதன்முறை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சுக் குற்றப் படங்களைப் பார்க்கத் தொடங்க விரும்பும் பலரிடமும், ழான்-பியேர் மெல்வில் இயக்கி 1967-ல் வெளிவந்த ‘லெ சமுராய்’ படத்திலிருந்தே தொடங்கும்படி நான் சொல்வது வழக்கம். அலன் தெலோன் நடித்த ஜெஃப் கோஸ்டெல்லோ என்னும் கூலிக் கொலைகாரனின் கதை அது. ஒரு கேளிக்கை விடுதியின் முதலாளியைக் கொன்றுவிட்டு வெளியேறும் அவனை அங்கே பியானோ வாசிக்கும் பெண் நேருக்கு நேர் பார்த்துவிடுகிறாள். அதன்பின் போலீஸ் ஒரு பக்கமும், கொலைக்குக் கூலி பேசியவர்கள் மறுபக்கமும் அவனைத் தேடி வருகிறார்கள். கதை இவ்வளவு எளியது என்றாலும், பாதியிலேயே நிறுத்திவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் பலர். அவர்கள் ஒவ்வொருவரும் வசனத்துக்காகக் காத்திருந்தார்கள் என்பதே என் கணிப்பு.

வசனத்துக்காகக் காத்திருப்பதுதான் முதல் தவறு. படம் தொடங்கி ஏறக்குறைய 10 நிமிடங்கள் வரை யாரும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அரையிருட்டான அறையில் ஒருவன் படுத்திருக்கிறான். கூண்டுக்குள் ஒரு சிறு பறவை விட்டுவிட்டுக் கத்துகிறது. வெளியே மழைபெய்யும் தெருவில் வண்டிகள் போகும் ஓசை கேட்கிறது. அவன் எழுந்து கோட்டை மாட்டி, கண்ணாடி முன் நின்று தொப்பியின் விளிம்பை விரல்களால் ஒருமுறை நீவிவிட்டு வெளியேறுகிறான். தெருவில் நிற்கும், தனக்குச் சொந்தமில்லாத ஒரு சித்ரோயன் காரில் ஏறி, பெரிய சாவிக்கொத்து ஒன்றைப் பக்கத்து இருக்கையில் வைக்கிறான். ஒரு சாவியைப் பொருத்திப் பார்க்கிறான், வண்டி கிளம்பவில்லை. அதைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறான். கைகள் வேலை செய்துகொண்டிருக்க, கண்கள் மட்டும் மழைத்துளி படிந்த கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்தத் தொழிலில் அவன் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறான், பதற்றம் என்பதை எந்த அளவுக்கு மறந்துவிட்டான் என்பதையெல்லாம் அந்தச் சாவிகள் சொல்லிவிடுகின்றன. இதைக் கதைக்கு முன்னுரை என்று நினைத்துத் தள்ளி ஓட்டிவிட்டால் படத்தின் மொழியைக் கற்றுத்தரும் பாடத்தையே இழந்துவிடுவோம். ஏனெனில் பின்னால் போலீஸ்காரர்கள் இருவர் ஒரு பூட்டிய கதவின் முன் நின்று இதேபோன்ற சாவிக்கொத்தைக் கொண்டு இதே பொறுமையோடு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். வேட்டையாடுகிறவனும் வேட்டையாடப்படுகிறவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று எந்தப் பாத்திரமும் வாயால் சொல்வதில்லை.

அடுத்தது, பார்க்கும் இடமும் நேரமும். முதல்முறை நான் ஒரு பிற்பகலில், சன்னல் திரையைக்கூட மூடாமல் இந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். சிகரெட் புகை எழுந்த பிறகே படுக்கையில் ஓர் ஆள் கிடப்பது எனக்குத் தெரிந்தது. ஒளிப்பதிவாளர் ஆன்றி தெக்கே இந்த வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மிக அருகில், சாம்பலும் மங்கிய நீலமுமாக எடுத்திருக்கிறார். ஆகவே இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. தொலைக்காட்சியில் நிறங்களைத் தூக்கிக் காட்டும் அமைப்பையும், அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். கைபேசித் திரை இதற்குப் போதாது.

ஒலியையும் குறைத்து வைக்கக் கூடாது. கூண்டுப் பறவையை அழகுக்கு வைத்த பொருளாக எண்ணிவிட வேண்டாம். அதன் குரல் எப்போது மாறுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருங்கள், இதற்குமேல் சொன்னால் ஒரு நல்ல காட்சியைக் கெடுத்தவனாவேன். இதே காரணத்தால் ஆங்கிலக் குரல்மாற்றத்தையும் தவிர்த்துவிட்டு, பிரெஞ்சு ஒலியோடும் துணைவசனத்தோடும் பார்க்க வேண்டும். ‘தி காட்ஃபாதர்’ வெளிவந்த 1972-ல் அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு ஆங்கிலக் குரல் சேர்த்து, ‘தி காட்சன்’ என்று பெயரும் மாற்றித் திரையிட்டார்கள். மௌனத்தையே நம்பி எடுத்த படத்துக்கு இதைவிடப் பெரிய அநீதி இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

தலைப்பை நம்பிச் சாமுராய் என்னும் ஜப்பானியப் போர்வீரர்களின் மரபைப் படித்துவிட்டு வருவதும் தேவையில்லாத உழைப்பு. சாமுராயின் தனிமையைக் காட்டுப் புலியின் தனிமையோடு ஒப்பிடும் மேற்கோள் ஒன்று தொடக்கத்தில் திரையில் வருகிறது. சாமுராய்களின் நெறியைச் சொல்லும் ‘புஷிதோ’ நூலிலிருந்து எடுத்ததாக அதன் கீழே குறித்திருந்தாலும், அதை எழுதியவர் மெல்வில்தான். அவர் உண்மையில் நேசித்தது அமெரிக்கக் குற்றப் படங்களை. ஜெஃபின் தொப்பியும் மழைக்கோட்டும் அங்கிருந்து வந்தவை. குரும்பாக் என்ற தம் குடும்பப் பெயரை விட்டு, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத் தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தபோது அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில்லின் பெயரைச் சூட்டிக்கொண்டவர் அவர். ஜெஃபின் இளமைக்காலம், பழைய காயம், கொலைக்கான மனக்காரணம் என்று எதையும் படத்தில் தேடாதீர்கள். பின்னோக்கிய காட்சி ஒன்றுகூட வராது.

போலீஸ் நிலையக் காட்சிகளை நிரப்பு வேலையாக எண்ணுவோரும் உண்டு. பிரான்சுவா பெரியே நடித்த காவல் ஆணையர், சந்தேகத்துக்குரியவர்களை வரிசையாக நிறுத்தி, ஜெஃபின் கோட்டை ஒருவருக்கும் தொப்பியை இன்னொருவருக்கும் மாட்டிவிடுகிறார். சாட்சி தயங்காமல் அந்தக் கோட்டையும் தொப்பியையும் ஜெஃபின் முகத்தையும் தனித்தனியே பொறுக்கி எடுக்கும்போது, ஒரு மனிதன் மூன்று துண்டுகளாகி மீண்டும் ஒன்றுசேர்வதைப் பார்க்கிறோம். பிரான்சில் 1981 வரை மரண தண்டனை இருந்தது என்பதை இங்கே நினைவில் கொண்டால், ‘அந்த இரவு என்னோடு இருந்தான்’ என்று நத்தாலி தெலோன் நடித்த, ஜெஃபின் காதலியான ஜேன் சொல்லும் பொய்யின் எடை புரியும். அந்தப் பொய்யை உடைக்க ஆணையர் அவள் வீட்டுக்கே போய் மிரட்டும் காட்சியில், நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் நம் பழக்கம் உதவாது.

பிற்பகுதியில் வரும் மெட்ரோ துரத்தலில் வேகத்தை எதிர்பார்ப்பதும் தவறே. சாதாரண உடையில் காவலர்கள் பெட்டிகளில் ஏறி இறங்க, ஆணையரின் அறையில் வரைபடத்தின் மேல் விளக்குப் புள்ளிகள் நகர்கின்றன. ஓட்டமும் இரைச்சலும் குறைவு. எந்த நிலையத்தில் எந்தக் கதவு மூடும் என்ற கணக்கே அங்கே பதற்றத்தைத் தருகிறது.

முடிவைப் பற்றி எதையும் முன்கூட்டிப் படிக்காதீர்கள். இறுதியில் ஜெஃப் மீண்டும் அந்த விடுதிக்கு வந்து, வாசலில் தொப்பியைக் கழற்றிக் கொடுக்கிறான். அங்கிருக்கும் பெண் அதற்கான சீட்டை நீட்டுகிறாள். அப்போது அவன் முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள்.