பழைய ஆமி லொறியும் ஜீப்பும் ஓட்டும்போது ஹெல்மெட்: எதைப் போடுவது, எப்படிப் போடுவது

வில்லிஸ் ஜீப், லான்ட் றோவர், பெட்போர்ட், யூனிமோக், ஏலத்தில் எடுத்த லேலண்ட், எதுவாக இருந்தாலும் சரி, ஒரு காலத்தில் படைக்கு ஓடிய வாகனத்தை இப்போது நெல் ஏற்றவோ தண்ணீர் கொண்டுபோகவோ காட்டுப் பாதையில் போய்வரவோ வைத்திருப்பவர்களுக்கு இது. கபினுக்குள் இருந்து ஓட்டுகிறவனுக்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கிறவல் றோட்டிலும் குளக்கட்டிலும் காட்டிலும் கட்டாயம் போடுங்கள். ஆனால் அதற்கு முதல் செய்யவேண்டிய இரண்டு வேலை இருக்கிறது, அந்த இரண்டையும் செய்யாமல் ஹெல்மெட்டை மட்டும் மாட்டிக்கொண்டால் பெரிய பலன் கிடைக்காது.

ஏன் போடவேண்டும் என்பதற்கு உங்கள் வண்டியின் கபினை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாலே போதும். காரில் தலைக்கு மேலே துணியும் பஞ்சும் இருக்கும். இதில் வெறும் தகடு, துணிக்கூரையைத் தாங்கும் இரும்பு வளைவுகள், வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் நட்டுகள். பழைய லான்ட் றோவரில் வைப்பர் மோட்டார்கூட முன்கண்ணாடிச் சட்டத்தின் உள்பக்கம், முகத்துக்கு நேரே நிற்கும். பெட்போர்ட் மாதிரி மூக்கு இல்லாத லொறிகளில் சாரதி உட்காருவது முன்சில்லுக்கு மேலேயே. சில்லு பள்ளத்தில் விழுந்து ஏறும் ஒவ்வொரு அடியும் நேராக இருக்கைக்கு வரும். அந்த வில்லுத் தகடுகள் தொன் கணக்கில் பாரம் தாங்கச் செய்தவை, வெறும் வண்டியில் அவை வளைந்து கொடுக்காது, ஆளைத்தான் தூக்கி எறியும். மாரி முடிந்த கையோடு கிரானிலிருந்து குடும்பிமலைப் பக்கம் போனவர்களுக்கும், உன்னிச்சைக்குள் வெள்ளம் அறுத்த பாதைகளில் ஓடியவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

சரி, முதல் வேலை சீற் பெல்ட். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றுவது நீங்கள் இருக்கையில் இருக்கும்வரைதான். வண்டி புரளும்போது கதவு வழியே வெளியே போன ஆளுக்கு, அதே வண்டி மேலே விழும்போது, தலையில் என்ன இருந்தாலும் ஒன்றுதான். இலங்கை இராணுவம் 1980களில் தென்னாபிரிக்காவிலிருந்து எடுத்த, கண்ணிவெடியைத் தாங்கச் செய்த பஃபல் துருப்பு வண்டிகளை இங்கே பார்க்காதவர் குறைவு. யூனிமோக்கின் அடிச்சட்டத்தில் கட்டியவை, பிறகு அதே மாதிரியில் யூனிகோர்ன், யூனிபஃபல் என்று இங்கேயே செய்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே உட்காரவேண்டிய வண்டி, கண்ணிவெடியில் தூக்கி எறியப்படலாம், உயரம் கூட என்பதால் வளைவில் புரளவும் செய்யும். அதனால்தான் பின்னால் இருக்கும் ஒவ்வொரு இருக்கைக்கும் உடம்பைக் கட்டிவைக்கும் பட்டி கொடுத்தார்கள். தலையில் கவசம் போட்ட ஆட்களுக்கே அதுதான் ஏற்பாடு.

உங்கள் வண்டியில் பெல்ட்டே இல்லாமல் இருக்கலாம், பழையவற்றில் பெரும்பாலும் இருக்காது. இடுப்புப் பெல்ட் மட்டும் போட்டாலும் ஆள் மேலே பறப்பது நிற்கும், ஆனால் மேலுடம்பு முன்னால் மடிந்து ஸ்டியரிங்கில் அடிக்கும். தோளுக்கும் சேர்த்து வருகிற மூன்றுமுனைப் பெல்ட் நல்லது, அதன் மேல்முனையைப் பொருத்த உறுதியான தூண் வேண்டும். துணிக்கூரை வண்டியில் தூண் கிடையாது, ஆகவே அடிச்சட்டத்தில் கால் ஊன்றிய உருள்சட்டம், அதாவது வண்டி புரண்டால் ஆள் நசுங்காமல் தாங்குகிற இரும்புச் சட்டம் (றோல் பார்), ஒன்று கட்டாயம். இருக்கையின் தகட்டிலோ, துருப்பிடித்த தரைத் தகட்டிலோ துளை போட்டு பெல்ட்டை மாட்டாதீர்கள். பின்பக்கம் தடித்த தகடு வைத்து, பெல்ட்டுக்கென்றே வருகிற 7/16 அங்குல யூ.என்.எஃப். (நுண்மரை) போல்டால் இறுக்கச் சொல்லுங்கள். வெல்டிங் கடைக்காரர் "இது தாங்கும் தம்பி" என்றால் எதில் பிடித்திருக்கிறது என்று கீழே படுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கவேண்டும். இன்னொன்று, உருள்சட்டம் இல்லாத வண்டியில் இரண்டு தோளையும் நிமிர்த்திக் கட்டுகிற பந்தயப் பெல்ட் போடவே கூடாது. கூரை நசுங்கி இறங்கும்போது குனிய இடமில்லாமல் போகும்.

இரண்டாவது வேலை தலைக்கு மேலுள்ள இடம். ஹெல்மெட் போட்டதும் தலை மூன்று நான்கு சென்ரிமீற்றர் உயர்ந்துவிடும். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, ஹெல்மெட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்து, மேலே கையை மடக்கி வைத்துப் பாருங்கள். ஒரு முட்டிக்கை அளவாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஹெல்மெட் கூரையில் முட்டி, அந்த அடி கழுத்து எலும்புக்கு இறங்கும், அது தலையில் படுகிற காயத்தைவிட மோசமாகவும் முடியலாம். அப்படி இடம் காணாவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றுவது தீர்வில்லை, இருக்கையைக் கீழே இறக்குவதுதான் தீர்வு. பழைய இருக்கையில் பலர் மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு உயர்த்தி வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு மெல்லிய, ஆனால் இறுக்கமான ஸ்பஞ் ஒன்றைப் போட்டால் இரண்டு அங்குலம் கிடைக்கும். மெத்தென்ற தடித்த ஸ்பஞ் அடி வரும்போது அமுங்கி, பிறகு ஆளை மேலே உதைத்துவிடும் என்பதால் அது வேண்டாம். தலைக்குப் பக்கத்தில் வரும் கம்பிகளுக்கும் வைப்பர் மோட்டாருக்கும் உறை போடுங்கள். குளிரூட்டிக் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய கறுப்பு ஸ்பஞ் ஒரே அடியில் தட்டையாகிவிடும், விரலால் அழுத்தினால் மெதுவாகத்தான் அமுங்குகிற கெட்டியான ரப்பர் ஸ்பஞ் தேடி எடுங்கள்.

இனி ஹெல்மெட்.

பலருக்கும் வரும் முதல் யோசனை, ஆமி வண்டிக்கு ஆமி ஹெல்மெட் என்பதுதான். வேண்டாம். இரும்பு ஹெல்மெட்டோ பின்னால் வந்த கெவ்லார் ஹெல்மெட்டோ சிதறி வரும் துண்டுகளைத் தடுக்கச் செய்தவை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் இருப்பது போல அடியை வாங்கி நசுங்குகிற ரெஜிபோம் அடுக்கு அவற்றில் கிடையாது. உலக யுத்தகால அமெரிக்க எம்-1 உள்கூட்டோடு ஒரு கிலோவுக்கு மேல் எடை, அதைத் தலையில் வைத்து நாள் முழுக்கப் பள்ளத்தில் ஓடினால் கழுத்துத்தான் பிழைக்காது. கவச வாகனத்துக்குள் இருப்பவர்களுக்கென்று படைகள் வேறு மாதிரித்தான் கொடுத்தன. சோவியத் தாங்கிக்காரர்கள் போட்டது பஞ்சு வைத்துத் தைத்த துணித் தொப்பி, உள்ளே காதொலிக் கருவி, கழுத்தில் மைக். அமெரிக்கத் தாங்கிக்காரர்களின் டி.எச்.-132 ஹெல்மெட் வெளியே கெட்டி ஓடு, உள்ளே காதொலி. இரண்டுமே உள்ளே இடித்துக்கொள்வதற்கும் பேசிக்கொள்வதற்குமான ஏற்பாடு, றோட்டு விபத்துக்குச் சோதித்தவை அல்ல.

நம் கிழக்குப் பகுதியில் ஆமி ஹெல்மெட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரியது. பச்சை வண்டி ஒன்று, ஓட்டுகிறவன் தலையில் ஆமி ஹெல்மெட், புழுதியைக் கிளப்பிக்கொண்டு கொக்கட்டிச்சோலைக்குள்ளோ தங்கவேலாயுதபுரத்துக்குள்ளோ வந்தால் வாசலில் இருக்கிற பெரியம்மாவுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவர்கள் கண்ட யுத்தகாலம் இன்னும் அவர்களுக்குள் கிடக்கிறது. உருமறைப்பு நிறத்தில் உடுப்போ உறையோ போட்டால் பொலிசிலும் சோதனைச் சாவடியிலும் பதில் சொல்லவேண்டிவரும், அதைவிட ஊர்ச் சனத்தின் மனம் முக்கியம். வெள்ளை அல்லது மஞ்சள் நிற ஹெல்மெட் எடுங்கள். வெயிலில் சூடு குறையும், புழுதிக்குள் பின்னால் வருபவருக்கும் தெரியும்.

கட்டட வேலைக்குப் போடும் மஞ்சள் தொப்பியும் சரிவராது. அது மேலிருந்து விழும் பொருளுக்கு, பக்கவாட்டு அடிக்கு இல்லை, வண்டி குலுங்கினாலே கழன்று போகும். கார்ப் பந்தய ஹெல்மெட்தான் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது: ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் அமெரிக்க அமைப்பான ஸ்னெல், கார்ப் பந்தயத்துக்கென்று கொடுக்கும் எஸ்.ஏ. முத்திரை உள்ளவற்றை உருள்சட்டத்தில் அடிபடுவதற்கும் தீக்கும் சேர்த்துச் சோதிக்கிறார்கள். ஆனால் விலை கூட, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடையில் தேடி எடுப்பது கஷ்டம். ஆகவே நடைமுறையில் நான் சொல்வது முகம் திறந்த மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், காதையும் பிடரியையும் மூடுகிற மாதிரி. இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 517 முத்திரை, அல்லது ஐரோப்பாவில் பயன்படும் தரமான ஈ.சி.இ. 22.05, 22.06 இருக்கிறதா என்று பாருங்கள். முகம் முழுக்க மூடுவது இன்னும் கூடப் பாதுகாப்புத்தான், ஆனால் ஸ்டியரிங்குக்கு மேலே குனிந்து சில்லு எங்கே போகிறது என்று பார்க்கிற வேலையில் தாடைப் பகுதி இடைஞ்சல், நம் வெக்கையில் நெடுநேரம் தாங்கவும் முடியாது. முன்னால் தொப்பி மாதிரி நீட்டு உள்ளது வேண்டவே வேண்டாம், கண்ணாடிச் சட்டத்தில் முட்டித் தலையைப் பின்னால் மடக்கும். எடை குறைந்ததை எடுங்கள், ஏனென்றால் பழைய ஆமி இருக்கைகளில் தலைக்குச் சாய்வு கிடையாது, பின்னாலிருந்து ஒருவன் இடித்தால் ஹெல்மெட்டின் எடையையும் கழுத்தேதான் சுமக்கவேண்டும். முடிந்தால் தலைச்சாய்வு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு பார்ப்பது இப்படி. தையல் நாடாவைப் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் விட்டு, பின்தலையின் மிகப் பெரிய பகுதி வழியாகச் சுற்றி சென்ரிமீற்றரில் எடுங்கள். போட்டதும் கன்னத்தை அழுத்திப் பிடிக்கவேண்டும், கையால் இடம் வலம் ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து அசையவேண்டும். நாடிப் பட்டியைக் கட்டி, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் இழுங்கள், கழன்றால் பெரிது. பட்டிக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு விரல், கூடினால் இரண்டு. பட்டி கட்டாத ஹெல்மெட் முதல் குலுக்கலிலேயே போய்விடும், இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்காதவர்கள் இருக்கிறார்கள். வியர்வைக்கு மெல்லிய பருத்தித் துணித் தொப்பி உள்ளே போடலாம். சால்வையை மடித்துத் தலைப்பாகை கட்டி மேலே ஹெல்மெட் வைத்தால் அளவெல்லாம் வீண்.

பெயின்ற் அடிக்காதீர்கள். வண்டி நிறத்துக்குப் பொருந்தட்டும் என்று ஸ்பிரே அடித்தால் அதிலுள்ள தின்னர் ஹெல்மெட்டின் வெளி ஓட்டை அரிக்கும், உள்ளே ரெஜிபோமையும் கரைக்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பெற்றோல் கையோடு தொடுவதும் அதே. ஒருமுறை பலமாக அடிபட்டால் அதன் வேலை முடிந்தது, நசுங்கிய உள்ளடுக்கு திரும்ப எழும்பாது. அடிபடாவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறது ஸ்னெல் அமைப்பு.

ஓடும்போது எங்கே போடுவது, எங்கே கழற்றுவது? கூரை கெட்டியான லொறியில், பெல்ட் போட்டுக்கொண்டு, கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவே தார் றோட்டில் போகும்போது நான் கழற்றச் சொல்வேன். சந்தைச் சனம், ஆட்டோ, பக்கத்தில் நுழையும் மோட்டார் சைக்கிள், இவற்றைப் பார்க்கவும் கேட்கவும் தலை இலேசாகத் திரும்பவேண்டும், பெரிய வண்டியில் மறைவிடம் ஏற்கனவே கூட. கிறவலுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்திப் போடுங்கள், போட்டதும் பக்கக் கண்ணாடிகளை மறுபடி சரிசெய்யுங்கள். கூரையே இல்லாத ஜீப்பில் எந்த றோட்டிலும் கழற்றவேண்டாம், முன்கண்ணாடியை மடித்துப் போட்டிருந்தால் கண்ணுக்கும் மூடுகண்ணாடி வேண்டும். புல்லுமலை, உன்னிச்சைப் பக்கம் மாலை நேரத்தில் யானைக்காக நிறுத்தும்போது எஞ்சினை அணைக்காமல், ஹெல்மெட்டைக் கழற்றி, நன்றாகக் காதுகொடுத்துவிட்டு நகருங்கள். சாவடியில் கேட்பதற்கு முன்பே கழற்றி முகம் காட்டுவது நேரத்தை மிச்சமாக்கும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கபினுக்குள் அடுப்பு. ஆடியில் பாணமையிலிருந்து உகந்தைக்கு யாத்திரைக்காரருக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பவுசர் சாரதிகளுக்கு இது நன்றாகத் தெரியும். தலை கனத்து, வாய் உலர்ந்தால் ஓடிக்கொண்டே கழற்றக்கூடாது. மர நிழலில் நிறுத்தி, கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

வெள்ளம் வேறு கதை. உயரமான ஆமி லொறி எதையும் கடக்கும் என்று நம்பி இறங்குகிறவர்கள் அதிகம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப்போய் உயிர்கள் போனதை அம்பாறை மாவட்டம் மறக்காது. ஓடுகிற தண்ணீரில் இறங்கவே வேண்டாம். தண்ணீர் எதிர்பாராமல் சூழ்ந்து, வண்டியை விட்டு நீந்தியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் பெல்ட்டையும் நாடிப் பட்டியையும் அவிழ்த்துவிட்டு இறங்குங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் நீரோட்டத்தைப் பிடித்துக் கழுத்தை இழுக்கும்.

பின்னால் ஏறுபவர்களுக்கு ஹெல்மெட் கொடுப்பதைவிட உட்காரவைப்பதுதான் அவசரம். பலகையில் நின்றுகொண்டு இரும்பு வளைவைப் பிடித்து வருகிறவரின் தலை, பாலை மரக் கிளைக்கும் தாழ்ந்த மின்கம்பிக்கும் நேரே இருக்கும். சில பெட்போர்ட் கபின்களில் உதவியாளர் பக்கம் கூரையில் வட்டத் திறப்பு இருக்கிறது, அதில் எழும்பி நின்று வழிகாட்டுவதை இளைஞர்கள் விரும்புவார்கள். ஓடும்போது அனுமதிக்காதீர்கள், வழி பார்க்கவேண்டுமென்றால் இறங்கி முன்னால் நடக்கட்டும்.

ஒரே வண்டியை இரண்டு மூன்று பேர் மாறி ஓட்டுவதென்றால் ஆளுக்கொரு ஹெல்மெட் வாங்குங்கள், தலை அளவு ஒன்றாக இருக்காது. வேலை முடிந்ததும் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்காமல், கியர்ப் பெட்டிச் சூடும் டீசல் மணமும் படாத இடத்தில் கொழுவிவிடுங்கள். சும்மா தரையில் உருளவிட்டால் அது பிரேக் மிதிக்குக் கீழே போய்ச் சிக்கும்.